ஆறு மூட்டை மண்

கடைசி மூட்டையையும் அவிழ்த்துத் தன் கீரைப் பாத்தியில் கொட்டினாள் மூத்த மருமகள். தன் பாத்தியிலிருந்து ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த மண்ணைக் காலிச் சாக்கில் வாரி நிரப்பி, பழையபடியே முடிச்சுப் போட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் சேர்த்தாள். ஓரகத்தி வேலை முடிந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

இதில் திருட்டு எங்கே வந்தது? மண்ணை எடுத்தாள், மண்ணை வைத்தாள். ஆறு மூட்டைக்கு ஆறு மூட்டை.

பாகம் பிரித்தபோது, மாமனாரின் பழைய பேட்டரிப் பட்டறை இருந்த பாதி இளையவளுக்குப் போயிற்று. இடித்துப் போட்ட அந்த இடத்தில் புல்லாவது முளைக்குமா என்று மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது அங்கே தக்காளி கொத்துக்கொத்தாய்க் காய்க்கிறது. இவள் பாத்திக் கீரையோ சாண் உயரம்கூடத் தாண்டவில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எல்லாம் லாரியில் வந்திறங்கிய மண்ணின் மாயம். இறங்கிய வாரமே, சுவரோரம் ஆறு மூட்டையை இளையவள் கட்டி அடுக்கியதை மூத்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கையுறை என்ன, முகத்தில் துணி என்ன, மேலே தார்ப்பாய் என்ன! மகாராணிக்குக் கையில் அழுக்குப் படக்கூடாதாம். மிச்ச மண்ணைக்கூட நகை மாதிரி பொத்தி வைக்கிறாளே என்று பொருமினாள்.

அன்று மாலையே இளையவள் சுவரோரம் வந்து, "அக்கா, இந்த மண்ணைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று மூத்தவள் உள்ளே போய்விட்டாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. அவள் பெருமையை நின்று கேட்க இவளுக்கு என்ன தலையெழுத்தா? அதன்பிறகு இளையவள் எத்தனை முறை கூப்பிட்டும் காது கேட்காத மாதிரியே இருந்துவிட்டாள்.

மண்ணை மாற்றி எருவும் போட்டதில், ஒன்றரை மாதத்தில் மூத்தவளின் கீரை தளதளவென்று நின்றது. வாயும் வயிறுமாக வந்திருந்த மகளுக்கு வேறு எதைக் கண்டாலும் குமட்டல், இந்தக் கீரை மட்டும் இறங்கியது. இரண்டு வேளையும் அதையே கடைந்து ஊட்டினாள். எவள் தோட்டம் பெரிசு என்று இனி ஊர் சொல்லட்டும்.

இன்று காலை இளையவள் வீட்டு வாசலில் மாநகராட்சி வண்டி நின்றது. முகமூடி போட்ட இரண்டு பேர் தார்ப்பாயை விலக்கி, கையடக்கமான ஒரு கருவியை ஒவ்வொரு மூட்டையிலும் வைத்துப் பார்த்தார்கள். மண் மாறியது தெரிந்துவிடுமோ என்று சுவருக்கு இந்தப் பக்கம் மூத்தவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கேட்டால் இல்லையென்று சாதித்துவிட வேண்டியதுதான், யார் பார்த்தார்கள்?

"அம்மா, இன்னும் ரெண்டு கரண்டி கீரை போடேன்" என்று உள்ளிருந்து மகள் கூப்பிட்டாள்.

கருவி வைத்திருந்தவர் ஆறாவது மூட்டையையும் பார்த்துவிட்டு இளையவளிடம் திரும்பினார்.

"ஆறும் நல்ல மண்ணும்மா. பட்டறை ஈயம் கலந்த விஷ மண்ணைத் தோண்டிக் கட்டி வெச்சிருக்கேன்னு எழுதிக் கொடுத்தீங்களே, அது எங்க?"