அழுத்தினால் நில்

மேஜைமேல் ஏழு பாட்டில் மூடிகள் கபடித் தடுப்பாட்டக்காரர்களாக நின்றன. இடது மூலைக்கு யார் என்று இரண்டு பயிற்சியாளர்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்களே என்ற கூச்சம் துளியும் இல்லை.

"ஜெயசீலனுக்கு முட்டி போச்சு சார். மூலைக்குச் சுடலையைப் போடுங்க. ஆறு வருஷமா காத்துக் கெடக்கான்."

"போட்டா மூலைக்காரன் கையை யாருவே புடிப்பா? பக்கத்துல நின்னு கை குடுக்க சுடலையை மாதிரி வேற ஆளு எங்க இருக்கான்?"

சுடலையின் நீல மூடி இரண்டு முறை மூலைக்குப் போய், இரண்டு முறையும் திரும்பி வந்தது. கடைசியில் பெரிய பயிற்சியாளர் அவனிடமே கேட்டார்.

"நீயே சொல்லுடே. மூலை வேணுமா?"

வாயைத் திறந்தான். அதற்குள் மேஜைக்கடியில் ஜெயசீலனின் கை வந்து அவன் விரல்களைக் கோத்துக்கொண்டது. களத்தில் மூலையில் ஜெயசீலனும் பக்கத்தில் சுடலையும் கை கோத்து நிற்கும்போது இருவருக்குள் ஒரு பாஷை உண்டு. அழுத்தினால் நில், விட்டால் பாய்.

கை அழுத்தியது.

"என்னடே, கேக்கேன்லா?"

சுடலை, அந்தக் கை விடுவதற்காகக் காத்திருந்தான்.