ஸ்ட்ராபெரிக்குப் போட்ட சாம்பல்

"அந்தப் பானையில இருந்த சாம்பலை எங்க தட்டின?"

மொட்டைமாடிக்கு ஏறும் கடைசிப் படியில் நின்று கிரீஷ் கேட்டான். அஜிதா குனிந்தபடியே செடிப் பைகளைக் காட்டினாள்.

நவம்பரில் மூணாறிலிருந்து கூரியரில் வரவழைத்த ஸ்ட்ராபெரி நாற்றுகள். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் இதெல்லாம் பிழைக்காது என்று கரமனையில் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பச்சை வலை கட்டினாள். மத்தியான வெயிலுக்குப் பைகளைத் தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு இழுத்தாள். ஆறில் இரண்டு அழுகிப் போயின. மிச்சம் நான்கில் காய்கள் வெளுத்து, ஒன்றிரண்டு சிவக்கத் தொடங்கியிருந்தன.

"வெந்நீர் அடுப்புச் சாம்பல்தானே. போட்டா பழம் இனிக்கும்னு யூடியூப்ல சொன்னான். மொத்தத்தையும் போட்டுட்டேன்."

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பானை காலியாகக் கிடந்தது. போன வருஷம் ஆற்றுக்கால் கோவில் பொங்காலைக்கு வாங்கிய மண்பானை. கிரீஷ் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அடுப்புச் சாம்பலை நான் அன்னைக்கே தட்டியாச்சு. அதுல எனக்க அப்பாவை வச்சிருந்தேன்."

மாமனார் ஆறுமுகநயினார் இறந்து முப்பத்தொரு நாள் ஆகியிருந்தது. மின் தகனம். அஸ்தி எடுக்கப் பெண்கள் போகிற வழக்கமில்லை. கிரீஷ் மட்டும் கிளம்பிப் போனான். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, அண்ணன் வந்து கரைக்கும்வரை வெளியே வைத்திருக்கிறேன் என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஏதோ ஒரு மரத்தில் கட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் விரல்களுக்கு ஞாபகம் வந்தது. சாம்பலில் வெள்ளையாக ஏதோ நெருடியது. அடுப்பில் வெந்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டு என்று நசுக்கி மண்ணோடு பிசைந்திருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா பயந்து மாடிக்கே வரமாட்ட. உனக்க செடி காயுமேன்னு சொல்லல."

அண்ணன் நீலகண்டன் சனிக்கிழமை கனடாவிலிருந்து வருகிறான். விசா சிக்கலில் கொள்ளி வைக்கக்கூட வர முடியாமல் போனவன். கரைக்கவாவது நான் வரணும் என்று தினமும் போனில் அழுதவன்.

ஒன்றாம் தேதி அஜிதா கொச்சியில் ஒரு லேபில் வேலைக்குச் சேர வேண்டும். மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபோது விட்ட வேலை. நான்கு வருஷம் அவருக்கு மலமும் மூத்திரமும் எடுத்தாகிவிட்டது. இப்போதுதான் மறுபடி ஆர்டர் வந்தது. ஹாஸ்டலுக்கும் சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சை எடுத்தாலே கிரீஷ் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவான்.

இன்று அவன் சத்தமே போடவில்லை. படியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னான். அண்ணன் சும்மா விட மாட்டான். நாகர்கோவில் வரைக்கும் பேச்சுப் போகும். மாமனாரை உரமாகப் போட்டவளின் தங்கையை எவன் பெண் கேட்டு வருவான்? தக்கலையில் அவள் அம்மா எந்தக் கல்யாண வீட்டுக்குப் போக முடியும்?

அஜிதா கை மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் வாய் திறக்க மாட்டேன்," என்றான். "ஹோட்டல்ல விறகடுப்புச் சாம்பல் கிடைக்கும். பானையை நிரப்பிச் சிவப்புத் துணி கட்டிருதேன். அண்ணனுக்கு என்ன தெரியும்?"

"அது பாவம்லா?"

"பாவத்தை நீ செஞ்சாச்சு. நான் மூடி வைக்கேன், அவ்வளவுதான். ஆனா கொச்சி வேண்டாம், கேட்டியா. நீயும் போயிட்டா இதை நான் ஒத்தைக்குச் சுமக்கணும். என்னைக்காவது வாய் தவறி அண்ணங்கிட்ட சொல்லிருவேன்."

அன்று சாயங்காலமே அவள் மெயில் அனுப்பினாள். குடும்பச் சூழ்நிலை என்று எழுதினாள். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. பரவாயில்லை, பட்டியலில் அடுத்தவரை எடுத்துக்கொள்கிறோம்.

சனிக்கிழமை நீலகண்டன் வந்ததும் பெட்டியை நடையில் போட்டுவிட்டு நேரே மாடிக்கு ஏறினான். சிவப்புத் துணி கட்டிய பானைக்கு முன்னால் விழுந்து அழுதான். கூடவே கிரீஷும் அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் நீலகண்டன் செடிகளைப் பார்த்தான். கனடாவில் டப்பாவில் வருவது வாயில் வைக்க விளங்காது என்று சொல்லிக்கொண்டே, அஜிதா எட்டிப் பிடிக்கும் முன், நன்றாகச் சிவந்த ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டான்.

"என்னம்மா இப்படி இனிக்குது. என்ன உரம் போட்ட?"

கிரீஷ்தான் சொன்னான்.

"வீட்டு உரம்தாண்ணே. அவ கைராசி."

அவள் கீழே ஓடிப்போய் குளியலறையில் வாந்தி எடுத்தாள். அண்ணனும் தம்பியும் பானையோடு அஸ்தி கரைக்கத் திருவல்லத்துக்குக் கிளம்பியதைக் கதவுக்கு உள்ளிருந்தே கேட்டாள்.

கார் சத்தம் ஓய்ந்ததும் மாடிக்குப் போனாள். நான்கு செடிகளையும் வேரோடு பிடுங்கினாள். பைகளைக் கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, வெள்ளையாகத் தெரிந்த ஒவ்வொரு துணுக்கையும் நகத்தால் எடுத்து ஒரு செம்பில் போட்டாள். கரமனை ஆற்றில் அவளே கொண்டுபோய் விடுவாள். "மாமா, தெரியாம செஞ்சுட்டேன். மாமா, தெரியாம செஞ்சுட்டேன்." பழங்கள் முழங்காலுக்கு அடியில் நசுங்கின.

போன் அடித்தது. மண் கையோடு எடுத்தாள். தகன மேடை அலுவலகத்திலிருந்து ஒரு பெண், மலையாளத்தில், சலித்த குரலில் பேசினாள். படிவத்தில் இரண்டாவது நம்பர் இதுதானாம். முதல் நம்பரில் மகனை மூன்று தடவை கூப்பிட்டாயிற்றாம். நாளைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன் என்கிறாராம், ஆள் வரவில்லையாம்.

"ஆறுமுகநயினாரோட அஸ்தி ஒரு மாசமா எங்க அலமாரியில அப்படியே இருக்கு," என்றாள் அந்தப் பெண். "இன்னைக்காவது யாராவது வந்து எடுத்துட்டுப் போவீங்களா?"