ஒற்றைக் கை அரக்கன்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மதியத்தில் கூட்டம் இருக்காது. பழைய வீடியோ கேமில் கேசட்டை ஊதிப் போட்டு விளையாடுவேன்.

போன வாரம் ஒரு வாள்சண்டை கேமின் இரண்டாம் பாகம் காயலான் கடையில் கிடைத்தது. முதல் பாகத்தை எட்டாவது படிக்கும்போதே முடித்தவள் நான். அதில் அரக்கனின் எந்தக் கையையும் வெட்டலாம். நான் இடது கையை வெட்டினேன். அதை விளையாடிய மெஷின் அப்போதே எரிந்துபோனது; இப்போது இருப்பது வேறு மெஷின்.

இரண்டாம் பாகத்தின் அட்டைப்படத்தில் அரக்கனுக்கு இரண்டு கைகள் இருக்கின்றன. டிவியில் வந்தவனுக்கு இடது கை இல்லை.

திரையில் இருந்த வேறு வீரர்கள் யாரையும் அவன் அடிக்கவில்லை. நேராக வந்து நான் ஆட்டும் வீரனின் இடது கையில் வெட்டினான். நிஜத்தில் என் இடது கை தோளிலிருந்து விரல்வரை மரத்துப்போனது. கிள்ளிப் பார்த்தேன். வலிக்கவில்லை.

சாப்பாடு கொண்டுவந்த என் கணவர் தௌசீஃப், தொங்கிக் கிடந்த என் கையைப் பார்த்துவிட்டார். "ஆஃப் பண்ணு ரூபினா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று சுவிட்சில் கை வைத்தார்.

"கைய எடுங்க" என்றேன். "அவனும் ஒத்தக் கையாலதான சண்ட போடுறான்."

ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்து, வலது கையால் ஸ்டார்ட்டை அழுத்தினேன்.

அரக்கன் ஓர் அடி பின்னால் போனான்.