இரண்டாவது காது

புது வகை என்று தையல்காரி அனுப்பிய ஒன்பது காசுகளை நாணயச் சங்கம் திருப்பி அனுப்பியிருந்தது. பத்தாவதை அவளே நேரில் கொண்டுபோனாள். அதிலிருந்த தலைக்குக் காதின் பின்னால் இன்னொரு காது.

துணைக்கு வந்த அண்ணன் காசுக்கடை வைத்திருப்பவன். வாசலிலேயே சிரித்தான். "தேஞ்ச காசும்மா. முலாம் உப்பியிருக்கு. என் மானத்த வாங்காத."

சங்கத்தின் பரிசோதகர் மரக்குச்சியால் காதை அழுத்திப் பார்த்தார். முலாம் உப்பலாக இருந்தால் அமுங்கியிருக்கும். அமுங்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து இன்னொரு காசை எடுத்து அருகில் வைத்தாள். அதே இடத்தில் அதே காது.

"ரெண்டு காசு ஒரே மாதிரியா தேயும், அண்ணா?"

பரிசோதகர் எழுந்து கைகொடுத்தார். "காசு அடிச்ச அச்சுலயே இருக்கிற பிழைங்க இது. புது வகை. உங்க பேர்லயே பதியறேன்."

அண்ணன்தான் முதலில் கைதட்டினான்.

பதிவேட்டைத் திறந்த பரிசோதகர் அப்போதுதான் காசைத் திருப்பினார். பல கைகளில் புழங்கி மழுங்கியிருந்தாலும் ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆண்டு பிறக்க இன்னும் பதினாறு வருடம் இருந்தது. இரண்டாவது காசிலும் அதேதான்.

அவர் பேனாவை மூடப்போனார்.

"உள்ளத உள்ளபடி எழுதுங்க சார்," என்றாள் அவள்.

அவர் எழுதினார். மை காயும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.