கடித்த நுளம்பு

கொரோனாவால் கொழும்பு முடங்கிக் கிடந்த மாதம். கிருலப்பனையில் இருந்த வாசுகிக்கு, வெள்ளவத்தை ஃபிளாட்டிலிருந்து தங்கை தர்மினி போன் எடுத்தாள். வாசுகி பூச்சியியல் படித்தவள்; நுளம்பு எனப்படும் கொசுவைப் பற்றி எல்லாம் அறிந்தவள்.

"அக்கா, கொரோனாக்காரரைக் கடிச்ச நுளம்பு மற்ற ஆளையும் கடிச்சா தொத்துமோ?"

"தொத்தாதடி. ஆய்வுகூடத்தில கிருமியை ஊசியால நுளம்புக்குள்ள ஏத்தியும் பாத்தவை. அதுக்குள்ள பெருகேல்ல, அழிஞ்சு போச்சு."

"உலகத்தையே பூட்டி வைச்ச கிருமியோ?"

"ஓம். ஒரு நுளம்பிட்டத் தோத்துப் போச்சு." சொல்லும்போது வாசுகிக்கே மெய்சிலிர்த்தது. பிறகு சிரித்தாள். "ஏன், உன்ர புருஷனுக்குக் காய்ச்சலோ? உனக்கும் தொத்துமெண்டு பயந்து சாகிறியோ? நீ நுளம்பு வலைக்குள்ள படன்."

"வலையைப் பிள்ளையின்ர தொட்டிலுக்குப் போட்டிட்டன். காய்ச்சல் அவருக்கில்லை அக்கா, எனக்குத்தான். என்னைக் கடிச்ச நுளம்பு பக்கத்து அறைக்குப் பறந்து பிள்ளையைக் கடிச்சிடுமெண்டு பயம். அதுதான் கையை நீட்டி வைச்சுக்கொண்டு, வந்து குந்திற ஒவ்வொண்டையும் அடிக்கிறன். இரவிரவாக் கண்ணை மூடேல்ல."

நுளம்பை எண்ணி வியந்த வாசுகி, இப்போது தன் தங்கையை நினைத்து மலைத்துப் போனாள்.

"இனிப் படு, ராசாத்தி," என்றாள் கடைசியாக.

மறுமுனையில் சீரான மூச்சுச் சத்தம் கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே தர்மினி உறங்கிப் போயிருந்தாள்.