ஏரிக்கரையில் இடமில்லை

"பொய் சொல்றது மெஷின் இல்ல மேடம். மனுஷன்தான்" என்றார் டெக்னீஷியன்.

மேலாளர் நிமிர்ந்து பார்த்தாள்.

நகரச் சுற்றுலாவின் கட்டுப்பாட்டு அறை அது. சுவர் முழுக்க ஒரே திரை. அதில் ஊரின் வரைபடம் நீல வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருக்கும். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சின்னப் புள்ளி. கோட்டையிலிருந்து பாலத்துக்கு, பாலத்திலிருந்து கடைவீதிக்கு என்று மின்மினி மாதிரி ஊர்ந்து போவார்கள். எங்கே கூட்டம் சேருகிறதோ அங்கே சிவப்பு விழும். உடனே எல்லார் போனுக்கும் செய்தி போகும்: 'இப்போது நெரிசல். வேறு பக்கம் போய் வாருங்கள்.' வந்தவர்களும் சொன்ன பேச்சு கேட்டார்கள்.

"ஏரிக்கரைக் கருவி நல்லாத்தான் இருக்கு. ஆளே இல்லன்னுதான் அது சொல்லுது. ஆனா தினம் நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் யாரோ கையால சிவப்பு போட்டுடறாங்க. மூணு மாசமா நடக்குது."

"யாரோன்னா?"

டெக்னீஷியன் கண்ணாலேயே மூலையைக் காட்டினார். அங்கே கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் 'சைலன்ட்'. நாற்பது வயசு. யார் எதைக் கேட்டாலும் தலையசைப்பிலேயே முடித்துக்கொள்வார். ஆபீஸ் வைத்த பேர்தான் அது.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. காலையில்தான் ஒரு ஜோடி புகார் எழுதியிருந்தது. 'ஏரிக்கரையில் கூட்டம் என்றீர்கள். பாலத்திலிருந்து பார்த்தால் ஈ காக்கா இல்லை.' இயக்குநரும் போனில் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பொய் வெளிய தெரிஞ்சா போதும்மா. அப்புறம் நாம சொல்ற எதையும் எவனும் நம்ப மாட்டான். யாரா இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிடு. சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பதில் வேணும்."

அவர் சொல்வதில் என்ன தப்பு? ஊரின் அழகான ஒரு மணி நேரத்தை ஒரு ஆள் மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு? கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அவளே கிளம்பினாள்.

மரங்களுக்கு நடுவே இறங்கும்போது போன் அதிர்ந்தது. 'ஏரிக்கரையில் நெரிசல்.'

ஏரிக்கரையில் இருந்தது வெயில் மட்டும்தான். அதுவும் தேன் நிறத்தில், தண்ணீர் மேல் தூங்கி வழிந்துகொண்டிருந்தது. மறுகரை தெரிந்தும் தெரியாமலும் புகை மாதிரி இருந்தது. நடந்து வந்த வேகம் அவளையறியாமலே குறைந்தது. இந்த ஊரில் இருபது வருஷமாக இருக்கிறாள். இப்படி ஒரு இடத்தை அவள் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

பெஞ்சில் ஒரு பெண். தண்ணீர் ஓரத்தில் ஏழெட்டு வயசில் ஒரு சிறுமி. அவள் கழற்றிப்போட்ட தடிமனான காதுமூடி புல்லில் கிடந்தது.

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் உதட்டில் விரல் வைத்தாள். பக்கத்தில் உட்கார இடம் விட்டு, கிசுகிசுத்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நாலு பேர் குரல் ஒண்ணா கேட்டா எம் பொண்ணு சுருண்டு விழுந்துடுவா. ரெண்டு வருஷம் வீட்டு வாசலைத் தாண்டல. இங்க வந்தா மட்டும்தான் காதுல இருக்கறதைக் கழட்டறா."

"இந்த நேரத்தை உங்களுக்கு யார் ஏற்பாடு பண்ணிக் கொடுத்தாங்க?"

"ஏற்பாடா?" அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். "யாரும் இல்லீங்களே. எங்க அதிர்ஷ்டம், நாலு மணியானா இங்க யாரும் வர்றதில்ல. ஏரி எல்லாரையும் 'அப்புறம் வா'ன்னு அனுப்பி வச்சுடுதாம். எம் பொண்ணு சொல்றா."

அப்போது சிறுமி பேசினாள். யாரிடமும் இல்லை, வாத்துகளிடம். "ஒண்ணு... ரெண்டு... நீ எங்க போறே, நில்லு." மெதுவான, உடையாத குரல். தாய் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். மேலாளரும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்தபோது சைலன்ட் எழுந்து நின்றார். விஷயம் காதுக்கு எட்டியிருந்தது.

"நான் போயிடறேன் மேடம்."

"அவங்க உங்களுக்கு யாரு?"

"யாரும் இல்ல. கேமராவுல பார்த்ததுதான். ஒரு நாள் பெரிய கூட்டம் ஒண்ணு ஏரிக்கரையில இறங்கிச்சு. அந்தப் பொண்ணு தரையில விழுந்து காதைப் பொத்திக்கிட்டு கத்துச்சு. திரையில சத்தம் வராது மேடம். எனக்குக் கேட்டுச்சு."

மூன்று வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. 'நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் அமைதி நேரம்'னு உண்மையையே போட்டிருக்கலாம்."

"போன வருஷம் தோட்டத்தை 'அமைதியான இடம்'னு போட்டோம் மேடம். மறுநாளே அமைதியைப் பார்க்க எட்டு பஸ்ல வந்து இறங்கினாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். பதினைந்து வருஷ வேலையில் தப்பாக ஒரு வரி எழுதியதில்லை அவள். கண்ணாடிக்கு வெளியே புள்ளிகள் நீலத்தில் நீந்திக்கொண்டிருந்தன.

மேஜைப் போன் அடித்தது. இயக்குநர்.

"என்னம்மா, போய்ப் பார்த்தியா? யார் சொல்ற பொய் அது?"

"பொய் யாரும் சொல்லலைங்க" என்றாள் மேலாளர். "நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். அந்த நேரத்துல அங்க இன்னொரு ஆள் நிக்கக்கூட இடமில்ல."