காசில்தாவுக்கு ஒரு ரொட்டி

"இந்த வருஷம் நம்ம வீட்ல போனது உங்கப்பா ஒருத்தர்தானே? பொம்மை எப்படி ரெண்டு வந்துச்சு?"

கொச்சபாம்பாவில் கல்லறைத் திருநாளுக்கு, இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு ரொட்டிப் பொம்மை சுடுவார்கள். அடுப்பைத் திறந்த ரெமீகியாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டாவது பொம்மையின் வயிற்றில் 'காசில்தா' என்று கீறியிருந்தது.

"யாருங்க இந்தக் காசில்தா? எழுத்து இப்படிக் கோணிக்கிட்டுப் போகுதே, அழுதுக்கிட்டே எழுதினீங்களா?"

கணவன் ஃபெர்மினின் முகம் வெளுத்தது. "மெல்லப் பேசு. பாப்பா காதுல விழப்போகுது."

"விழட்டுமே! அப்பன் யோக்கியதை அவளுக்கும் தெரியட்டும்!"

"ஐயோ, அது பாப்பாவோட கதைப் புத்தகத்துல வர்ற பொண்ணுடி! கடைசியில ஆத்தோட போயிடுவா. பாப்பா தாங்கமாட்டான்னு, அத்தை வீட்டுக்குப் போயிட்டதா தினமும் மாத்திப் படிக்கிறேன்."

"அதுக்காக ரொட்டி சுடுவீங்களா?"

"நான் சுடலையே!"

இருவரும் பேந்தப் பேந்த விழித்தார்கள். வாசலில் மகள் நைரா நின்றிருந்தாள்.

"நான்தான் செஞ்சு வச்சேன். எனக்குத்தான் இப்பப் படிக்கத் தெரியுமே."

அவள் வந்து அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"புத்தகத்துல அந்தப் பக்கம் வந்தாலே உங்க குரல் மாறிடுதுப்பா. நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான் நான் சொல்லலை."